பிதாக்கள் யார் பக்கம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சபையின் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றிப் பேசப் போயிருந்தோம். ஒரே ஆலயம், ஒரே ஞானஸ்நானப் பதிவேடு, ஒரே பாட்டுப் புத்தகம். செத்த பிறகு மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சுவரை இடியுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை. கமிட்டியில் இறையியல் படித்த பெரியவர் ஒருவர் இருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, நீங்க சொல்ற சமத்துவம் எல்லாம் நேத்து வந்தது. ஆதித் திருச்சபையிலயே அடிமைங்க இருந்தாங்க. பிதாக்கள் ஒருத்தரும் அதை ஒழிக்கச் சொல்லல. எசமானும் அடிமையும் ஒரே சபையில இருந்தாங்கல்ல? நாமளும் அப்படி இருந்துட்டுப் போவோமே."

கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தைச் சொன்னோம். "அது ஆவிக்குரிய சமத்துவம்" என்று முடித்துவிட்டார். அன்றைக்கு நம்மிடம் வேறு பதில் இல்லை. திரும்பி வரும்போது ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது. இந்தப் பிதாக்கள் யார்? அவர்கள் உண்மையிலேயே என்ன சொன்னார்கள்? அவர்கள் இப்படித்தான் சொன்னார்கள் என்று நமக்குச் சொன்னவர்கள் யார்? அதைத் தேடிப் படித்ததன் கணக்குதான் இந்தக் கட்டுரை.

வேதம் மட்டுமே என்றவர்கள்

புராட்டஸ்டண்டு என்றால் "வேதம் மட்டுமே" என்பவர்கள், அவர்களுக்குப் பிதாக்கள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் பிதாக்களை ஒருநாளும் கைவிடவில்லை. லூத்தரும் கால்வினும் அகுஸ்தீனைக் கையில் வைத்துக்கொண்டுதான் ரோமோடு சண்டை போட்டார்கள். இங்கிலாந்தில் ஜான் ஜூவல் 1559இல் லண்டன் பவுல் சிலுவை மேடையில் நின்று, முதல் 600 ஆண்டுச் சபையிலிருந்து உங்கள் பழக்கங்களுக்குச் சான்று காட்டுங்கள் என்று கத்தோலிக்கருக்குச் சவால் விட்டார். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தன் மக்கள் படிப்பதற்கென்று தொகுத்த நூல் வரிசையில் மக்காரியுவின் பிரசங்கங்களைச் சுருக்கிச் சேர்த்தார்.

ஆக, புராட்டஸ்டண்டு வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் பழைய பெட்டியைத் திறந்து ஒரு பிதாவை வெளியே எடுத்திருக்கிறார். பெட்டியில் பலர் இருக்கிறார்கள். யாரை எடுத்தார்கள், யாரை உள்ளேயே விட்டார்கள் என்பதில்தான் நம் கதையும் இருக்கிறது.

1833

அந்த ஓர் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன.

ஜூலை 14 அன்று ஆக்ஸ்போர்டில் ஜான் கீபிள் ஒரு பிரசங்கம் செய்தார். ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். ஆங்கிலிக்கன் சபை தன் பழைய வேர்களுக்கு, முதல் நூற்றாண்டுகளின் பிதாக்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1838 முதல் பியூசியும் அவர் தோழர்களும் பிதாக்களின் நூல்களை ஆங்கிலத்தில் வரிசையாக வெளியிடத் தொடங்கினார்கள்.

அதே ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாட்டைத் தயக்கமில்லாமல், உடனே, ஒரேயடியாக விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆலயத்தில் தனித்தனி இடம், நற்கருணையில் யார் முதலில் என்ற வரிசை, எல்லாவற்றுக்கும் முடிவு கட்டச் சொன்னார். இந்த வில்சன் ஆக்ஸ்போர்டு இயக்கத்தை மூர்க்கமாக எதிர்த்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகஸ்டு 28 அன்று பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கும் எழுதப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அது பொருந்தாது. கரும்புத் தோட்டத்து ஆப்பிரிக்கருக்குக் கிடைத்த சட்டம், காவிரிக் கரையில் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய நம் பாட்டன் பூட்டன்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரை காத்திருந்தார்கள். அதுவும் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை.

வில்சனின் கடிதத்துக்கு வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் என்ன பதில் வந்தது என்று பாருங்கள். உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்தினார்கள். உபதேசியார்களும் ஆசிரியர்களும் வேலையை இழந்தார்களே ஒழிய சாதியை விடவில்லை. அவர்களின் வாதம் இதுதான்: சீகன்பால்கு தடுக்கவில்லை, சுவார்ட்ஸ் ஐயர் தடுக்கவில்லை, எங்கள் பிதாக்கள் அனுமதித்ததை நேற்று வந்த நீர் எப்படி மாற்றலாம்? சுவிசேஷக் கவிராயர் என்று இன்றும் கொண்டாடப்படும் வேதநாயகம் சாஸ்திரியார் அதற்கு முன்பே, 1829இல், சாதிக்காக எழுதியிருந்தார். பின்னால் லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரால், சாதி என்பது சமூக வழக்கம், அதை வற்புறுத்தி நீக்கக் கூடாது என்று அந்த வாதத்துக்கு இறையியல் சட்டை மாட்டினார். 1850இல் சென்னை மிஷனரிகள் மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது லைப்சிக் மிஷனரிகள் அதில் சேரவில்லை.

"பிதாக்கள் தடுக்கவில்லையே." கமிட்டிப் பெரியவர் நம்மிடம் சொன்னதும் இதைத்தான். சபை பழையது, வாதமும் பழையது.

வெர்மான்ட் பேராயரின் புத்தகம்

இதே வாதத்தை அமெரிக்காவில் முழுப் புத்தகமாகவே எழுதினார் ஒருவர். ஜான் ஹென்றி ஹாப்கின்ஸ், வெர்மான்ட் மாநிலத்தின் எப்பிஸ்கோப்பல் பேராயர். 1777லேயே தன் அரசியல் சட்டத்தில் அடிமை முறையை விலக்கிய வட மாநிலம் அது. அவர் ஒரு அடிமையைக்கூட வைத்திருக்கவில்லை. ஆனாலும் 1861இல் வேதாகமம் அடிமை முறையைப் பாவம் என்று சொல்லவில்லை என்று ஒரு கடிதம் வெளியிட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல், பென்சில்வேனியா தேர்தலுக்காக அதை மறுபடி அச்சடித்துப் பரப்பினார்கள். அந்த மாநிலப் பேராயர் அலோன்சோ பாட்டரும் நூற்றுக்கும் மேற்பட்ட குருமாரும் கையெழுத்திட்டுக் கண்டனம் தெரிவித்தார்கள். ஹாப்கின்ஸ் அசரவில்லை. 1864இல், ஆபிரகாம் காலத்திலிருந்து தன் காலம் வரை அடிமை முறையைச் சபை எப்படிப் பார்த்தது என்று பெரிய நூலாகவே எழுதிவிட்டார். பிதாக்களும் பழைய சங்கங்களின் தீர்மானங்களும் அதில் சாட்சிக்கு வந்து நின்றார்கள்.

அவர் சொன்ன இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தன் சொந்த உணர்வும் வளர்ப்பும் அடிமை முறைக்கு எதிரானவைதாம், ஆனால் வேதமும் சபை மரபும் சொல்வதைத்தானே தான் சொல்ல முடியும் என்றார். இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. "எனக்குச் சாதி எல்லாம் கிடையாதுங்க, ஆனா ஊர் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

ஹாப்கின்ஸ் பொய் சொன்னாரா? பெரும்பாலும் இல்லை. இதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அகுஸ்தீன் தன் கடவுளின் நகரம் நூலின் பத்தொன்பதாம் புத்தகத்தில், அடிமைத்தனம் இயற்கையானது இல்லை, பாவத்தின் தண்டனையாக வந்தது என்கிறார். அதனால் அடிமைகள் மனதாரப் பணி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். பேசில், மடத்துக்குத் தப்பி வரும் அடிமைகளுக்குப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பச் சொன்னார். எசமான் கொடியவனாக இருந்தால் மட்டும் விலக்கு. இக்னாத்தியு, சபைப் பணத்தில் விடுதலை வாங்கித்தரும்படி அடிமைகள் ஆசைப்பட வேண்டாம் என்று எழுதினார்.

எல்லாவற்றுக்கும் மேலே காங்ரா சங்கம். நான்காம் நூற்றாண்டின் நடுவில் இன்றைய துருக்கியில் கூடிய சிறிய சங்கம் அது. பக்தியைக் காரணம் காட்டி எசமானை மதிக்காதே, வேலையை விட்டுப் போ என்று ஓர் அடிமைக்கு யாராவது போதித்தால் அவன் சபிக்கப்பட்டவன் என்று அதன் மூன்றாம் சட்டம் சொல்கிறது.

ஒரு நிமிடம் இங்கே நில்லுங்கள். ஒரு சங்கம் கூடிச் சபிக்கும் அளவுக்கு ஒரு காரியம் நடந்தால்தானே சட்டம் வரும்? நடந்திருக்கிறது. யூஸ்தாத்தியு என்ற துறவியைப் பின்பற்றியவர்களோடு சேர்ந்து அடிமைகள் எசமான்களை விட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். இக்னாத்தியு வேண்டாம் என்று சொன்னதிலிருந்தும் ஒன்று தெரிகிறது: சபைப் பொதுப்பணத்தில் அடிமைகளை மீட்கும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. நம் மக்களின் வரலாற்றை நாம் தடை உத்தரவுகளில் இருந்துதானே பல நேரம் படித்திருக்கிறோம். தோள்சீலைக்குத் தடை இருந்தது என்றால் தோள்சீலை போட்டவள் இருந்தாள் என்று அர்த்தம்.

கிரகோரியின் பிரசங்கம்

அந்த யூஸ்தாத்தியுவிடம் துறவு கற்றவர்களில் பேசிலும் ஒருவர். பேசிலின் அக்கா மக்ரினா. பணக்காரக் குடும்பம், அடிமைகள் நிறைந்த வீடு. மக்ரினா தன் தாயின் மனதை மாற்றி, வீட்டு அடிமைப் பெண்களைச் சகோதரிகளாகவும் சமமானவர்களாகவும் ஏற்க வைத்தார். ஒரே மேசை, ஒரே சாப்பாடு, ஒரே விதப் படுக்கை. இதை எழுதி வைத்தவர் அவர்களின் தம்பி கிரகோரி, கப்பதோக்கியா நாட்டு நிசா நகரின் பேராயர்.

இந்தக் கிரகோரி சுமார் 380இல் பிரசங்கி புத்தகத்தின் மேல் தொடர் பிரசங்கம் செய்தார். நான்காம் பிரசங்கத்தில், வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் வாங்கினேன் என்று பிரசங்கி பெருமை பேசும் இடம் வருகிறது. மற்றவர்கள் தாண்டிப் போகும் வரி. கிரகோரி அங்கேயே நின்றுவிட்டார்.

அவர் வாதத்தை நம் சொற்களில் தருகிறோம். மனிதனைச் சுதந்திரனாகப் படைத்தவர் கடவுள். அவனை அடிமை என்று சொல்பவன் கடவுளின் சட்டத்துக்கு எதிர்ச்சட்டம் போடுகிறான். ஆடுமாடுகளை ஆளும்படி படைக்கப்பட்டவனை ஆடுமாடுகளின் கூட்டத்தில் சேர்க்கிறாய். என்ன விலை கொடுத்தாய்? கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு என்று எந்தச் சந்தையில் நிர்ணயித்தார்கள்? உலகம் முழுவதும் ஓர் ஆன்மாவுக்கு ஈடாகாது என்றால், விற்றவன் யார், வாங்கியவன் யார்? கடவுளே ஒரு சுதந்திரனை அடிமையாக்க மாட்டார், நீ யார்? கையில் ஒரு கிரயச் சீட்டு இருப்பதால் நீ எசமான் ஆகிவிட்டாயா? அவனுக்கும் உனக்கும் பசி ஒன்று, வலி ஒன்று, மூச்சு ஒன்று, கடைசியில் மண்ணும் ஒன்று.

அடிமைகளிடம் இரக்கமாக நடந்துகொள் என்று சொன்ன பிதாக்கள் பலர். அடிமைகளை வாங்கித் தொழில் கற்றுக்கொடுத்து விடுதலை செய்யுங்கள் என்று கொரிந்தியர் நிருபப் பிரசங்கம் ஒன்றில் கிறிசோஸ்தோம் சொன்னார். அதே கிறிசோஸ்தோம் வேறு இடங்களில் அடிமைகளுக்குக் கீழ்ப்படிதலைப் போதித்தார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை உடைமையாக வைப்பதே கடவுளுக்கு எதிரான கலகம் என்று வேரிலேயே கோடாலி வைத்தவர் கிரகோரி. அடிமைச் சட்டத்தை மாற்றும்படி பேரரசனிடம் அவர் அந்தப் பிரசங்கத்தில் கேட்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் "பிதாக்கள் ஒருத்தரும் சொல்லல" என்பது பொய்.

புத்தக அலமாரி

அப்படியானால் இறையியல் படித்த அந்தப் பெரியவருக்கு இது ஏன் தெரியவில்லை? அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் படித்த அலமாரியைப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலம் படிக்கும் புராட்டஸ்டண்டு போதகர்களுக்காகப் பிதாக்களின் நூல்கள் 38 தொகுதிகளாக வந்தன. பிலிப் ஷாஃப் முதலியோர் பதிப்பித்த தொகுதிகளும் அதில் அடக்கம். இன்றும் இறையியல் கல்லூரி நூலகங்களில் வரிசையாக நிற்பவை அவை. அதில் அகுஸ்தீனின் கடவுளின் நகரம் உண்டு. இக்னாத்தியு உண்டு. 1900இல் வந்த சங்கத் தீர்மானங்களின் தொகுதியில் காங்ராவின் சாபம் உண்டு. கிரகோரிக்கென்று 1893இல் ஒரு தனித் தொகுதியே வந்தது. திரித்துவம் பற்றிய அவர் வாதங்கள், உயிர்த்தெழுதல் பற்றிய உரையாடல் எல்லாம் அதில் உண்டு. பிரசங்கி மீதான பிரசங்கங்கள் மட்டும் இல்லை. அவை தனி நூலாக, ஆய்வுப் பதிப்பாக ஆங்கிலத்தில் வந்தது 1993இல்.

யாரோ சதி செய்து மறைத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. சதி தேவைப்படவில்லை. தொகுத்தவர்களுக்குத் திரித்துவம் அவசரமாக இருந்தது, அடிமையின் கேள்வி அவசரமாக இல்லை. அவ்வளவுதான். விளைவு என்ன? நூறு ஆண்டுகளாகச் சாபம் அலமாரியில் இருந்தது, மறுமொழி இல்லை.

"எல்லோராலும்" என்றால் யார்?

நம் காலத்தில் பிதாக்களுக்குத் திரும்பும் அலை மறுபடி எழுந்திருக்கிறது. அமெரிக்க மெதடிஸ்டு இறையியலாளர் தாமஸ் ஓடன் இதில் முக்கியமானவர். நவீன இறையியலில் ஊறியிருந்தவர். உடன் பணியாற்றிய யூதச் சிந்தனையாளர் வில் ஹெர்பர்க், உன் மரபின் பிதாக்களையே நீ படிக்கவில்லையே என்று இடித்துரைத்த பிறகு மனம் மாறினார். வேதாகமம் முழுவதற்கும் பிதாக்களின் விளக்கங்களைத் திரட்டும் 29 தொகுதிகளை முன்னின்று பதிப்பித்தார். 2007இல், கிறிஸ்தவச் சிந்தனையை உருவாக்கியதில் ஆப்பிரிக்காவின் பங்கைப் பற்றி எழுதினார். அகுஸ்தீனும் ஒரிகனும் சிப்பிரியானும் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவர்கள் என்பதைக் கறுப்பினப் போதகர்கள் அவருக்கு நூறு ஆண்டு முன்பே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பணிக்கு நாம் நன்றி சொல்கிறோம்.

நமக்கு மறுப்பு இருப்பது அவர் கைக்கொண்ட அளவுகோலில். லெரின் தீவுத் துறவி வின்சென்ட் 434இல் கொடுத்தது அது: எங்கும், எப்போதும், எல்லோராலும் விசுவாசிக்கப்பட்டதே உண்மை விசுவாசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடிமைத்தனத்தை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். கிரகோரி தனிக்குரல், தோற்றுவிடுவார். காங்ராவின் சட்டங்களை 692இல் கூடிய பெரிய சங்கமும் ஏற்றுக்கொண்டது, ஜெயித்துவிடும். "எல்லோராலும்" என்ற கணக்கில் எழுத்தறிந்த பேராயர்கள் எண்ணப்பட்டார்கள். எசமானை விட்டு ஓடிய அடிமை எண்ணப்படவில்லை. ஊர்க்கூட்டத்தில் "எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணோம்" என்று சொல்லும்போது சேரியிலிருந்து யார் இருந்தார்கள் என்று நாம் கேட்போம் அல்லவா? அதே கேள்விதான்.

நம் பிதாக்கள், நம் தாய்கள்

ஆகவே பிதாக்களை விட்டுவிடுவோமா? நாம் அப்படிச் சொல்லவில்லை. பட்டியலை நீட்டுவோம் என்கிறோம்.

சுமார் 112இல் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களைப் பற்றி உண்மை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தான். அவர்கள் சபையின் ஊழியக்காரிகள் என்று பேரரசனுக்கு அவனே எழுதினான். 177இல் லியோன் நகரில் விலங்குகளுக்கு முன் நிறுத்தப்பட்ட பிளாண்டினா ஓர் அடிமை. 203இல் கார்த்தேஜில் பெர்பெத்துவாவோடு இறந்த பெலிசித்தாவும் அடிமை. ரோம் நகரின் பேராயராக இருந்த கலிஸ்து ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவர். அவரது எதிரியே அதை எழுதி வைத்திருக்கிறான். கிறிஸ்தவத்தைக் கேலி செய்த செல்சு என்ன சொன்னான்? கம்பளி வேலை செய்பவனும் செருப்புத் தைப்பவனும் துணி வெளுப்பவனும் போதிக்கிற மதம் என்றான். அந்தக் கேலிக்குள் இருப்பவர்கள் நம் ஆட்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தரங்கம்பாடிக்கு வாருங்கள். 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்டு குருவானார், வெள்ளாளர். தஞ்சைப் பகுதியில் சபைகளைக் கட்டிய ராஜநாயக்கன் என்ற உபதேசியார் முன்னாள் போர்வீரர், பறையர். அவரைக் குருவாக்க மிஷனரிகள் துணியவில்லை. அவர் கையால் மற்றச் சாதியார் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற பயம். இரண்டாம் நூற்றாண்டில் அடிமைப் பெண் ஊழியக்காரியாக இருக்க முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ராஜநாயக்கன் குருவாக முடியவில்லை. ஆதிச் சபைக்குத் திரும்புவோம் என்பவர்கள் முதலில் இந்த இடத்துக்குத் திரும்பட்டும்.

அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. மறுபடி போகத்தான் போகிறோம். பெரியவர் மறுபடி பிதாக்களை அழைத்தால், இந்த முறை நாமும் பெயர்களோடு போவோம். மக்ரினாவின் மேசையைக் கேட்போம். கிரகோரியின் கேள்வியை அப்படியே அவர் முன் வைப்போம்: ஐயா, அந்தப் பக்கத்து மண்ணுக்கும் இந்தப் பக்கத்து மண்ணுக்கும் என்ன வித்தியாசம் கண்டீர்கள்?